பாஸ்டன் தேயிலையும் வேலூர்க் கோட்டையும்

கேள்வி: அமெரிக்கச் சுதந்திரப் போருக்கும் நம் வேலூர்ப் பக்கத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? - வாசகர், குடியாத்தம்

பதில்: நிச்சயமாக உண்டு. 1751-ல் ஆற்காட்டுக் கோட்டையை கிளைவ் பிடித்த பிறகு இங்கே வேகமாக வளர்ந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனி, இருபது வருஷத்தில் கடனில் மூழ்கிவிட்டது. லண்டன் கிடங்குகளில் சீனத் தேயிலை விற்காமல் குவிந்து கிடந்தது. அதை அமெரிக்கக் குடியேற்றங்களில் நேரடியாக விற்றுக்கொள்ளலாம் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1773-ல் சட்டம் போட்டது, ஆனால் தேயிலை மீதிருந்த வரியை மட்டும் நீக்கவில்லை. தேயிலை மலிவாகத்தான் கிடைத்திருக்கும், அதில் சந்தேகமில்லை. நம் ஆள் ஒருவர்கூட இல்லாத சபை போட்ட வரியை நாம் ஏன் கட்ட வேண்டும் என்பதுதான் அந்த மக்களின் கேள்வி, எனக்கு அது ரொம்ப நியாயமாகவே படுகிறது. டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைத் தண்ணீரில் கொட்டினார்கள். 1775-ல் போர், 1776-ல் சுதந்திரப் பிரகடனம்.

அப்புறம் கார்ன்வாலிஸ். 1781-ல் யார்க்டவுனில் வாஷிங்டன் படையிடம் சரணடைந்த அதே தளபதிதான் 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார், 1792-ல் திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்தார். 1799-ல் திப்பு இறந்ததும் அவர் குடும்பத்தைக் கொண்டுவந்து அடைத்து வைத்தது, நீங்கள் பஸ்ஸில் தாண்டிப்போகும் இந்த வேலூர்க் கோட்டையில்தான்.