குடியரசு தினத்தில் கொடி உச்சிக்குப் போயும் விரியாமல் சிக்கிக்கொள்கிறது. எப்படிக் கட்ட வேண்டும்?

"பள்ளியில் கொடி கட்டுவது என் பொறுப்பு. சென்ற ஜனவரி 26 அன்று சிறப்பு விருந்தினர் நாலைந்து முறை இழுத்தும் கொடி விரியவில்லை. என்ன தவறு?" என்பது கேள்வி. நீங்கள் உடற்கல்வி ஆசிரியராக இருப்பீர்கள், கொடிப்பெட்டியும் முந்தைய நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்திருக்கும். எல்லாப் பள்ளியிலும் அதுதான் நடக்கிறது.

தவறு பெரும்பாலும் முடிச்சில்தான். நம் கை பழக்கத்தில் உருவாஞ்சுருக்கைப் போட்டுவிடும். அது இழுக்க இழுக்க இறுகும். கொடிக்கு அது ஆகாது. கொடிக்கு வேண்டியது பாவாடை நாடாவுக்குப் போடும் ஒற்றைக் காது முடிச்சு. நுனியை இழுத்தால் காது உருவிக்கொண்டு வந்துவிடும்.

முதலில் கொடியைப் பாருங்கள். கம்பத்தை ஒட்டி வரும் ஓரத்தில் கெட்டித்துணிப் பட்டிக்குள் ஒரு கயிறு ஓடும். காவிப் பக்கம் அதன் நுனியில் சிறு மரக்கட்டை இருக்கும், பச்சைப் பக்கம் ஒரு வளையம் இருக்கும். உச்சிக் கப்பிக்கு மேலேறிப் போகும் கயிற்றை மரக்கட்டைப் பக்கமும், கீழே தொங்கும் கயிற்றை வளையத்திலும் கட்ட வேண்டும். இதை மாற்றிக் கட்டினால் பச்சை மேலே பறக்கும். வேண்டுமென்றே காவியைக் கீழாகப் பறக்கவிடுவது 1971-ஆம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தெரியாமல் நடந்தாலும் அடுத்த நிமிடமே யாராவது படம் எடுத்துப் போட்டுவிடுவார்கள், பழி கட்டியவர் தலையில் விழும்.

அடுத்தது மடிப்பு. காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடக்கி, சக்கரம் மேலே தெரிய வைக்கும் முறை பெட்டியில் எடுத்து வைப்பதற்கானது. கம்பத்தில் ஏற்ற அது சரிவராது. 1350 × 900 மில்லிமீட்டர் கொடி என்றால் (இருபது அடிக் கம்பத்துக்கு இந்த அளவு பொருந்தும்) ஒவ்வொரு நிறப்பட்டையும் 30 சென்டிமீட்டர். பட்டைகள் சேரும் கோட்டிலேயே விசிறி போல மடியுங்கள்: காவி கீழ்நோக்கி, வெள்ளை மேல்நோக்கி, பச்சை மறுபடி கீழ்நோக்கி. மூன்றே மடிப்பு என்பதால் மரக்கட்டை மேலேயும் வளையம் கீழேயும் தானாக நிற்கும். நான்காக மடித்தால் இரண்டும் ஒரே பக்கம் வந்து கயிறு முறுக்கிக்கொள்ளும்.

பிறகு நீளவாக்கில், பறக்கும் முனையிலிருந்து பட்டியை நோக்கி, ஒரு சாண் அகலத்தில் ஆறு மடிப்பு. இதையும் விசிறியாகத்தான் மடிக்க வேண்டும், பாய் போலச் சுருட்டக் கூடாது. ஜனவரி காலை எட்டு மணிக்குப் பல ஊர்களில் காற்றே இருக்காது. சுருட்டிய கொடி முடிச்சு அவிழ்ந்த பிறகும் சுருளாகவே தொங்கும். விசிறி மடிப்பு தன் எடையிலேயே சரிந்து விரியும்.

பூ வைக்கலாமா என்று ஒவ்வொரு வருடமும் சர்ச்சை வரும். கொடியை எதையும் சுமக்கும் பையாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பு சொல்கிறது. ஆனால் குடியரசு தினம், சுதந்திர தினம் போன்ற நாட்களில் விரிப்பதற்கு முன் உள்ளே பூவிதழ் வைக்க அதே தொகுப்பு இடம் கொடுக்கிறது. இரண்டு கைப்பிடி போதும். உதிர்த்த இதழ் மட்டும் வையுங்கள், செவ்வந்தியின் அடிக்காம்பு வேண்டாம். ரோஜாவை அரைமணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். ஈர இதழ் கதர் வெள்ளையில் கறை விடும், அந்தக் கறை போகாது.

இப்போது கட்டு. வளையத்துக்குக் கீழே போதுமான கயிறு தளர்வாக விட்டு, மடித்த பொதியை அதாலேயே இரண்டு சுற்று சுற்றுங்கள். மீதிக் கயிற்றில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு காது மடித்து, கடைசிச் சுற்றுக்குள் செருகி, சுற்றை லேசாக இறுக்குங்கள். நுனியை உள்ளே விடாதீர்கள், காது மட்டும். கீழ்க்கயிற்றை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். சுண்டினாற்போல் அவிழ வேண்டும். அவிழ்ந்தால் மறுபடி கட்டி மேலே ஏற்றுங்கள்.

பொதி கப்பியைத் தொட்டதும் மேல்கயிற்றைக் கம்பத்துக் கொக்கியில் எட்டு போட்டுக் கட்டிவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான். மேல்கயிறு பிடிப்பில்லாமல் இருந்தால் விருந்தினர் இழுக்கும்போது முடிச்சு அவிழாது, பொதி அப்படியே இறங்கி வரும். விருந்தினர் இழுக்க வேண்டிய கயிற்றில் ஒரு சின்னத் துணி கட்டி அடையாளம் வையுங்கள்.

கயிறு ஆறு மில்லிமீட்டர் கனம், கம்பத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கும் இன்னும் ஐந்தடியும் இருக்கட்டும். புது நைலான் வழுக்கும், பாதி வழியிலேயே காது நழுவிவிடும். பருத்திக் கயிறு பனியில் ஊறி உப்பி, காதைக் கவ்விக்கொள்ளும். அதனால் முந்தைய இரவே கட்டி ஏற்றிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கப்பிக்கு எண்ணெய் விடுவதும் ஒத்திகையும் முந்தைய நாள், கட்டுவது அன்று காலை.

"விதித்தொகுப்பில் முடிச்சு முறை எங்கே இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு: இல்லை. அளவு, மரியாதை, வேகமாக ஏற்றி மெதுவாக இறக்குவது இவைதான் அதில் இருக்கின்றன. கதர் மட்டுமே என்பதும் இப்போது இல்லை, 2021 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு பாலியஸ்டரும் இயந்திர நெசவும் செல்லும். ஆகஸ்ட் 15-இல் கீழிருந்து ஏற்ற வேண்டும், ஜனவரி 26-இல் உச்சியில் விரிக்க வேண்டும் என்று பரவும் செய்தியும் மரபை வைத்துச் சொல்வதுதான். 1947-இல் கொடி புதிதாக ஏறியது, 1950-இல் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த நாட்டுக்கு அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது என்பது அதற்குச் சொல்லும் பொருள். பள்ளியில் இரண்டு நாளும் ஒரே மாதிரி விரித்தால் குற்றமில்லை.

கொடி விரிந்த உடனே நாட்டுப்பண், முழுதாக 52 விநாடி. அது முடிந்ததும் "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்கும் முகவுரையை ஒரு மாணவியை வாசிக்கச் சொல்லுங்கள். ஜனவரி 26 அரசமைப்புச் சட்டத்தின் நாள். பல பள்ளிகளில் மிட்டாய் உண்டு, நடனம் உண்டு, அந்தச் சட்டத்தின் ஒரு வரிகூடக் காதில் விழாது.

கேள்விக்கு வெளியே போகிறேன், மன்னிக்கவும். முடிச்சைவிட என்னை உறுத்துவது கயிறு யார் கையில் என்பது. ஆகஸ்ட் 15-இல் கோட்டையில் முதலமைச்சர் ஏற்றும் உரிமையே 1974-இல் கலைஞர் கேட்டுப் பெற்றதுதான். ஜனவரி 26-இல் இன்றும் ஆளுநர்தான். அதைப் பெருமையாகப் பேசும் இதே மாநிலத்தில், 2020-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு தலித் ஊராட்சித் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளிவந்து ஆட்சியர் தலையிட்ட பிறகு, சில நாள் கழித்துத்தான் அவர் ஏற்றினார். சாதிப் பாகுபாடு இல்லாமல் தலைவர்களே ஏற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று 2022-இல் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. தீண்டாமையை ஒழித்த 17-ஆம் உறுப்பு நாம் கொண்டாடும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

உங்கள் ஊரில் ஊராட்சி அலுவலகக் கொடியையும் உங்களையே கட்டித் தரச் சொல்வார்கள். அங்கே கயிற்று நுனியை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். தலைவர் கையிலேயே நேராகக் கொடுங்கள்.