எகிப்துக்குப் போகாமல் வரைந்த எகிப்து

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்து ஓவியர் டேவிட் ராபர்ட்ஸின் ‘இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்படுதல்’ ஓவியத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் கட்டடம், ஜனங்கள் எறும்பு மாதிரி. வேதாகமத்தின் யாத்திராகமத்தை வரைகிறவர், அடிமைப்பட்ட ஜனங்களை வெளியே நடத்திப்போன மோசேயை அல்லவா முன்னால் நிறுத்த வேண்டும்? எகிப்துக்கே போகாமல் வரைந்தார் என்றும் படித்தேன். இதை எப்படி வேதாகமப் படம் என்று ஏற்பது?

ஸ்டெல்லா

அன்புள்ள ஸ்டெல்லா,

போகாமல் வரைந்தது உண்மைதான். ஓவியம் 1829-ல் வரைந்தது, அவர் எகிப்தில் இறங்கியது 1838-ல். நெப்போலியன் படையோடு போன அறிஞர்கள் வெளியிட்ட எகிப்துப் படங்கள் அதற்குள் ஐரோப்பாவில் பரவியிருந்தன. மிச்சமெல்லாம் கைப்பழக்கம். எடின்பரோ ஸ்டாக்பிரிட்ஜில் செருப்புத் தைக்கிறவரின் மகனாகப் பிறந்து, வீடுகளுக்கு வர்ணம் பூசப் பழகி, அப்புறம் நாடகக் கொட்டகைகளுக்குத் திரைச்சீலை எழுதிப் பிழைத்தவர் அவர். கடைசி வரிசைக்காரருக்கும் தெரிகிற மாதிரி தூண் எழுப்பத் தெரிந்த கை.

ஆனால் அந்தக் கட்டடங்களை ஜோடனை என்று நினைக்காதீர்கள். பார்வோனுக்குப் பித்தோம், ராமசேஸ் என்ற பண்டசாலைப் பட்டணங்களைக் கட்டியதே இந்த ஜனங்கள்தான் என்று யாத்திராகமம் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது, பன்னிரண்டாம் அதிகாரத்தில் அதே ராமசேசிலிருந்துதான் கிளம்புகிறார்கள், பிள்ளைகளைச் சேர்க்காமல் ஆண்கள் மட்டும் ஆறு லட்சம் பேர். முதுகொடியச் சுமந்து கட்டியதற்கு நடுவிலேயே நடந்து வெளியே போகிறார்கள். அதனால்தான் எனக்கு அந்தத் தூண்கள் அவ்வளவு உயரமாக இருப்பது சரியென்று படுகிறது. எவ்வளவு உயரமோ அவ்வளவு அடிமைத்தனம். மோசேயைப் பெரிதாக வரைந்திருந்தால் கண் அவரிடமே நின்றுபோயிருக்கும், கூட்டம் பின்னணியாகிவிடும்.

1839-ல் ராபர்ட்ஸ் எருசலேமையும் பார்த்தார். அந்தப் பயணத்தில் வரைந்தவற்றை லூயி ஹாக் கல்லச்சுப் படங்களாக்கினார், அவற்றால்தான் ராபர்ட்ஸின் பெயர் இன்றும் நிற்கிறது. நேரில் பார்த்து, நிதானமாக வரைந்த நல்ல படங்கள். இருந்தாலும் இந்தப் பழைய ஓவியத்தில் இருக்கிற நடுக்கம் அவற்றில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஓவியம் இப்போது பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன் என்கிறீர்களே, ஒருமுறை முழுப் படமும் திரையில் அடங்குகிற அளவுக்குச் சுருக்கிவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். தனி முகங்கள் மறைந்து அந்தக் கூட்டம் ஆறு மாதிரி நகரும்.