சந்தா நின்றால் பாட்டு திறக்குமா?

ஒலிப்பதிவு மென்பொருள்கள் ஒவ்வொன்றாகச் சந்தா முறைக்கு மாறிவருவதை ஒட்டி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் முழுத்தொகை கட்டி வாங்கிய பிளக்-இன்கள் (பதிவு மென்பொருளுக்குள் சேர்த்து இயக்கும் கூடுதல் கருவிகள்) என்னிடம் இருக்கின்றன. அந்த நிறுவனம் இப்போது சந்தாவைத்தான் முன்னால் நிறுத்துகிறது. என் பழைய உரிமம் செல்லாமல் போய்விடுமா?

செல்லும். விற்பனை முறையை மாற்றிக்கொண்டதற்காக, ஏற்கெனவே விற்ற உரிமத்தை நிறுவனங்கள் பொதுவாகப் பறிப்பதில்லை. பிளக்-இன் விற்கும் வேவ்ஸ் நிறுவனம் 2023 மார்ச்சில் ‘இனி சந்தா மட்டுமே’ என்று அறிவித்தபோதும் பழைய உரிமங்கள் அப்படியே இருந்தன. வாடிக்கையாளர்களைக் கொதிக்க வைத்தது வேறு: அந்தப் பழைய உரிமங்களுக்கு இனி அப்டேட் வாங்க வழியில்லை என்பது. எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களிலேயே நிறுவனம் பின்வாங்கி, ஒருமுறை விற்பனையையும் மீண்டும் கொண்டுவந்தது.

அவர்கள் கொதித்ததில் நியாயம் உண்டு. அப்டேட் நின்ற மென்பொருளின் ஆயுளைத் தீர்மானிப்பது உங்கள் உரிமப் பத்திரம் அல்ல, உங்கள் கணினியின் இயங்குதளம். 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா 32-பிட் எனப்படும் பழைய வகை மென்பொருள்களை ஓட்ட மறுத்தது. முழுப்பணம் கொடுத்து வாங்கிய எத்தனையோ பிளக்-இன்கள் ஒரே இரவில் ஊமையாயின. இன்னொரு ஆபத்து, ஆக்டிவேஷன்: உரிமம் உங்களுடையதுதான் என்று நிறுவனத்திடம் உறுதிசெய்து மென்பொருளை இயக்கத்துக்குக் கொண்டுவருவது. ஒலிப்பதிவு மென்பொருள் நிறுவனமான ஸ்டைன்பெர்க், உரிமங்களைச் சரிபார்க்கும் தன் பழைய இ-லைசென்சர் சேவையை 2025 மே மாதம் மூடியது. அதற்குப் பிறகு அந்த முறையில் இருந்த பழைய பதிப்புகளைப் புதிதாக ஆக்டிவேட் செய்ய முடியாது. ஆகவே நிறுவல் கோப்புகளையும் உரிம எண்களையும் உங்கள் வசமே சேமித்து வையுங்கள். வேலை ஒழுங்காக ஓடும் கணினியில் இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்முன் உங்கள் பிளக்-இன்கள் அதில் ஓடுமா என்று பாருங்கள். ‘நிரந்தர உரிமம்’ என்று எழுதியிருப்பதை நம்பி நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள்.

கேள்வி: கணக்குப் பார்த்தால் எது லாபம்? சந்தாவா, ஒருமுறை வாங்குவதா?

முழு விலையை மாதச் சந்தாவால் வகுத்துப் பாருங்கள். வரும் எண், எத்தனை மாதச் சந்தா முழு விலைக்குச் சமம் என்பதைச் சொல்லும். அதைத் தாண்டியும் பயன்படுத்துவீர்கள் என்றால் வாங்குவது லாபம். ஆனால் இதோடு நிறுத்துவதுதான் பலரும் செய்யும் பிழை. வாங்கிய மென்பொருளுக்கும் அடுத்த பெரிய பதிப்பு வரும்போது செலவு உண்டா என்று பார்க்க வேண்டும். இதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு அதிகம். பதிவு மென்பொருள்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ரீப்பர் உரிமம் இரண்டு பெரிய பதிப்புகள் வரை செல்லும். வாங்கும்முன் 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். எஃப்எல் ஸ்டுடியோ, ஒருமுறை வாங்கியவருக்கு எல்லா அப்டேட்டையும் இலவசமாகவே தருகிறது. அரசியல்வாதியின் வாக்குறுதியைக் கேட்பதுபோல் நானும் சந்தேகத்தோடுதான் இதைப் பார்த்தேன். ஆண்டுக்கணக்கில் சொன்னபடி நடந்துவருகிறது. லாஜிக் புரோவோ மேக்கில் ஒருமுறை விலைக்கு, ஐபேடில் சந்தாவுக்கு.

சந்தாத் தொகுப்பில் நூற்றுக்கணக்கான பிளக்-இன்கள் என்று விளம்பரம் அடுக்கும். அந்த எண்ணிக்கை உங்களுக்குத் தேவையில்லை. கடைசியாக முடித்த சில பாடல்களைத் திறந்து, உண்மையில் எவற்றைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சமநிலைப்படுத்தி (ஈக்யூ), ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கம்ப்ரஸர், ஒரு எதிரொலி, அதிகம் போனால் இன்னும் இரண்டு மூன்று. அந்த வேலைகளில் பலவற்றைப் பதிவு மென்பொருளோடு வரும் பிளக்-இன்களே செய்துவிடும்.

‘ஆண்டுத் திட்டம், மாதத் தவணை’ என்ற வகையில் கண்ணாக இருங்கள். அது மாதச் சந்தா அல்ல. மாதாமாதம் கட்டும் ஓராண்டு ஒப்பந்தம். நடுவில் நிறுத்தினால் மீதிக்கு அபராதம் விழலாம். ஆடிஷன் மென்பொருளையும் விற்கும் அடோபி இந்த அபராதத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் பரிந்துரையின்பேரில் அமெரிக்க அரசு 2024 ஜூனில் வழக்கே தொடுத்தது.

கேள்வி: சந்தாவை நிறுத்தினால் இதுவரை செய்த பாடல்கள் என்ன ஆகும்?

எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. விலையை விட இதுதான் முக்கியம் என்பது என் கருத்து.

நீங்கள் மைக்கில் பதிவு செய்த குரலும் வாத்தியமும் சாதாரண ஒலிக் கோப்புகள். அவற்றை எந்த மென்பொருளிலும் திறக்கலாம். யாரும் பூட்ட முடியாது. ஆனால் புராஜெக்ட் கோப்பில் பிளக்-இன் உண்டாக்கும் ஒலி இருப்பதில்லை, அதன் அமைப்புகள் மட்டுமே இருக்கும். சந்தா முடிந்த பிளக்-இன் திறக்க மறுத்தால், அது ஒரு எஃபெக்ட் என்றால் டிராக் மெருகில்லாமல் பச்சையாக ஒலிக்கும். மெய்நிகர் வாத்தியம் என்றால் ஒலியே வராது; ஸ்வரங்கள் எழுதியபடி இருக்கும், வாசிக்க ஆள் இருக்காது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு ஒருவர் வந்து ‘அந்தப் பாட்டில் குரலை மட்டும் கொஞ்சம் ஏற்றித் தாருங்கள்’ என்று கேட்கும்போதுதான் இது உறைக்கும். பதிவு மென்பொருளே சந்தா என்றால் புராஜெக்டையே திறக்க முடியாமல் போகலாம்.

எனவே ஒரு பாடல் முடிந்த அன்றே, சந்தா உயிரோடு இருக்கும்போதே, ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் (WAV) ஒலிக் கோப்பாக ஏற்றுமதி செய்துவிடுங்கள். எஃபெக்டோடு ஒன்று, எஃபெக்ட் இல்லாமல் ஒன்று. எல்லாக் கோப்புகளும் பாடலின் தொடக்கப் புள்ளியிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். அப்போதுதான் வேறு மென்பொருளில் போட்டாலும் தாளம் பிசகாமல் வரிசையாக உட்காரும். ஸ்வரங்களின் குறிப்பு அடங்கிய மிடி கோப்பு, பாடலின் வேகம், முக்கியமான பிளக்-இன் அமைப்புகளின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். அலுப்பான வேலைதான். முழு விலைக்கு வாங்கியவர்களும் செய்ய வேண்டிய வேலையும்கூட.

என்னிடம் கேட்டால், புராஜெக்டைத் திறக்கும் பதிவு மென்பொருளைச் சொந்தமாக வாங்குவேன். ஒரு படத்துக்கோ ஒரு பாடல் ஆல்பத்துக்கோ மட்டும் தேவைப்படும் விலையுயர்ந்த வாத்தியத் தொகுப்புகளைச் சந்தாவில் எடுத்து, வேலை முடிந்ததும் நிறுத்துவேன். அந்த வகை வேலைக்குச் சந்தா உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. அதைத் திட்டுவதில் பொருளில்லை.

கேள்வி: மாதத் தவணை கட்டி முடித்தால் சொந்தமாகிவிடும் என்கிறார்களே, அதை நம்பலாமா?

நம்பலாம். சீரம் என்ற சிந்தசைசரை ஸ்பிளைஸ் தளம் 2016இலேயே இப்படிக் கொடுக்கத் தொடங்கியது. கையில் பணம் இல்லாத மாதத்தில் தவணையை நிறுத்திவைத்துப் பிறகு தொடரவும் அதில் வழி இருக்கிறது. கட்டும் பணம் கரையாமல் உரிமமாக மாறுவதால், சந்தாவை விட இதுவே எனக்குப் பிடித்த முறை. தவணை முடிந்தபின் கிடைப்பது முழு உரிமமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘வாழ்நாள் அப்டேட்’ சலுகை ஒன்று வந்திருக்கிறது. வாங்கலாமா?

இன்று கையில் கிடைக்கும் பதிப்புக்கே அந்த விலை தகும் என்றால் வாங்குங்கள். வரப்போகும் அப்டேட்டுகளை நம்பிக் கூடுதலாக ஒரு காசும் கொடுக்காதீர்கள். கேக்வாக் நிறுவனம் 2016இல் தன் சோனார் மென்பொருளுக்கு வாழ்நாள் அப்டேட் விற்றது. அதன் உரிமையாளரான கிப்ஸன் 2017 நவம்பரில் அந்த மென்பொருளின் உருவாக்கத்தையே நிறுத்திவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஆண்டு பேண்ட்லேப் அதை வாங்கி எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தது. காசு கொடுத்தவரும் கொடுக்காதவரும் ஒன்றானார்கள்.

கேள்வி: பயன்படுத்தாத பிளக்-இன் உரிமத்தை வேறொருவருக்கு விற்கலாமா?

சந்தாவை விற்க முடியாது. நிரந்தர உரிமம் என்றால் நிறுவனத்தின் நிபந்தனையைப் பாருங்கள்: சிலர் இலவசமாக மாற்றித் தருவார்கள், சிலர் கட்டணம் கேட்பார்கள், சிலர் அனுமதிப்பதே இல்லை. காலவரையின்றி விற்கப்பட்ட மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்திருந்தாலும், அது அந்த ஒன்றியத்துக்குள் மட்டுமே. பழைய உரிமத்தை வாங்குபவராக நீங்கள் இருந்தால், உரிமம் உங்கள் கணக்குக்கு மாறிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.