சும்மா தொட்டேன் சார்!

கேள்வி: அமெரிக்க செஸ் ஆட்டக்காரர் நகாமுரா ஜெயிச்ச கையோட நம்ம குகேஷோட ராஜாவைத் தூக்கி கூட்டத்துக்குள்ள எறிஞ்சாரே, அது சும்மா ஜாலிக்குத்தானே? இதுக்குப் போய் மரியாதை, மானம்னு ஏன் குதிக்கிறாங்க?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: செஸ்ல எனக்கு ஆகவே ஆகாத ஒரு வார்த்தையை நடுவுல வச்சுக் கேட்டுட்டீங்க. சும்மா!

ஒரு கல்யாண மண்டபத்துல நடந்த அண்டர்-9 போட்டிக்குப் போயிருந்தேன், அங்க ஒரு பொடியன் யானையைத் தொட்டுட்டான், தொட்டப்புறம்தான் அது நகர்ந்தா பின்னாடி ராணி போயிடும்னு அவனுக்குத் தெரியுது, வெடுக்குன்னு கையை இழுத்துக்கிட்டு “சும்மா தொட்டேன் சார்”ங்கறான். ஆர்பிட்டர், அதான் நடுவர், விடல. தொட்டா ஆடணும், காயை நேரா வைக்கிறதுன்னா முன்னாடியே ‘அட்ஜஸ்ட்’னு சொல்லிட்டுத்தான் தொடணும். ராணி போச்சு. அழுதுக்கிட்டே கடைசி வரைக்கும் ஆடித் தோத்து, மூக்கைத் துடைச்ச கையாலயே கை குடுத்து, ஸ்கோர்ஷீட்ல கையெழுத்தும் போட்டுட்டுப் போனான். கும்பிடணும் சார் அவனை.

ஏன்னா உலக சாம்பியனே அதைச் செய்யல. 1994, ஸ்பெயின்ல லினாரெஸ் போட்டி. அப்போ உலக சாம்பியனா இருந்த காஸ்பரோவுக்கு எதிர்ல 17 வயசு ஹங்கேரிப் பொண்ணு யூதித் போல்கர். காஸ்பரோவ் குதிரையை சி5 கட்டத்துல வச்சு விரலை எடுத்துட்டார், அப்புறம் தப்புன்னு தெரிஞ்சதும் மறுபடி எடுத்து எஃப்8ல வச்சார். கால் செகண்டுதான், ஆனா டிவி கேமரால பதிவாயிருக்கு. அவ்ளோ பெரிய போட்டிக்கு முதல் தடவையா வந்த பொண்ணு, வாயைத் திறக்கல. அவர் ஜெயிச்சுட்டார். காஸ்பரோவை நான் குறை சொன்னா இன்னிக்கும் சில பேர் கோவமா லெட்டர் போடறாங்க, போடட்டும், அவர் ஆட்டத்துக்கு நானும் அடிமைதான், ஆனா அந்தக் கால் செகண்டை மட்டும் மன்னிக்க முடியல. 2002ல மாஸ்கோவுல ராப்பிட்ங்கற ஒரு வேக ஆட்டத்துல அதே போல்கர் அவரைத் தோக்கடிச்சப்போ எனக்கு தீபாவளி.

இப்படியும் ஆள் இருக்காங்க. 2020ல ஆன்லைன் போட்டி, சீனாவோட டிங் லிரெனுக்கு நெட் கட்டாகி ஒரு கேம் நார்வேயோட கார்ல்சன் பக்கம் போயிடுச்சு. அடுத்த கேம்ல கார்ல்சன் வேணும்னே ராணியைக் கொண்டுபோய் வெட்டுக் குடுத்துட்டு நாலே நகர்த்தல்ல தோத்துட்டேன்னு ரிசைன் பண்ணிட்டார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லல, எந்த ரூல் புக்லயும் இல்ல.

சரி, நகாமுரா. 2025 அக்டோபர்ல அமெரிக்காவுல நடந்த காட்சிப் போட்டி அது, கூட்டத்தைக் குஷிப்படுத்த ஏற்பாட்டாளர்களே அப்படி செய்யச் சொன்னாங்கன்னு பேச்சு. இருக்கட்டும். செஸ்ல எல்லாக் காயையும் வெட்டலாம், ராஜாவை மட்டும் வெட்ட முடியாது, தப்பிக்க வழியில்லாம மேட் ஆனாலும் அவர் போர்டு மேலதான் நிப்பார், ஆட்டம் அதுக்கு மேல நகராது. வெட்டவே கூடாதுன்னு வச்சிருக்கிற காயைத் தூக்கி வீசறது எனக்கு ஜாலியா படல.

2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல, டிங்குக்கு எதிரான உலக சாம்பியன்ஷிப்போட 14வது கேம் முடிஞ்சதும் கேமராவை கவனிச்சிருப்பீங்க. டிங் எழுந்து போயாச்சு, 18 வயசு சென்னைப் பையன் குகேஷ், புது உலக சாம்பியன், கண்ணுல தண்ணி நிக்காம வழியுது, அதோடவே ஒவ்வொரு காயா எடுத்து அதது கட்டத்துல திரும்ப அடுக்கிட்டிருந்தான், தோத்தவரோட ராஜாவையும் சேர்த்து. கூட்டத்துக்குள்ள பறந்தது அந்தப் பையனோட ராஜா.