நிமோனியா உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா நிமோனியே என்ற பாக்டீரியா, பரப்பில் ஒட்டி வழுக்கி நகரக்கூடியது. செல்களைப் பஃபரில் (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசல்) மூன்று முறை கழுவிவிட்டுப் பார்த்தேன், கண்ணாடியில் நகரவில்லை என்கிறீர்களா?

சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) பூசாத வெறும் கண்ணாடியில் அது நகராது. செல்லின் முனையில் திரண்டிருக்கும் பி1 புரதம் பிடிப்பது கண்ணாடியை அல்ல, சீரப் புரதங்களில் இருக்கும், சியாலிக் அமிலம் (ஒருவகை அமிலச் சர்க்கரை) தாங்கிய சர்க்கரைச் சங்கிலிகளை. மூன்று முறை கழுவியிருக்கிறீர்கள். அதிலேயே சீரம் போயிருக்கும்.

1. கண்ணாடியில் குதிரை சீரம் பூசி, லேசாக அலசி, 37 டிகிரியில் பாருங்கள். அவசரப்படாதீர்கள்: சராசரியாக வினாடிக்கு அரை மைக்ரான்கூடப் போகாது. சில வினாடி வீடியோவில் சும்மா கிடப்பதுபோலத்தான் தெரியும். நிமிடக் கணக்கில் எடுங்கள்.

2. நகர ஆரம்பித்ததும் சயலில்லாக்டோஸ் (சியாலிக் அமிலம் தாங்கிய சிறு சர்க்கரை) கரைசல் விடுங்கள்; அது பி1-இன் பிடியை அடைத்துவிடும். செல்கள் கழன்று மிதந்தால் பிடிப்பு பி1 வழியாகத்தான்.

அப்புறம், குடுவையிலிருந்து செல்களை எடுக்க டிரிப்சின் (புரதங்களை வெட்டும் நொதி) போட்டீர்களா? அது பி1-ஐயே வெட்டிவிடும். சுரண்டி எடுப்பதே மேல்.

இத்தனைக்கும் அசையாவிட்டால் நீங்கள் வளர்க்கும் பாக்டீரியா வகையையே (strain) சந்தேகியுங்கள். ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தால் ஒட்டும் திறன் இழந்த செல்கள் தலையெடுக்கும். காலனிகள் மேல் சிவப்பணுக்களை விட்டு அலசினால் தெரிந்துவிடும்: ஒட்டும் திறன் இருந்தால் அணுக்கள் காலனியிலேயே நிற்கும். ஆனால் அணுக்கள் ஒட்டின என்பதற்காக நகர்வும் சரி என்று முடிவுகட்ட வேண்டாம். செல் முனையில் உள்ள இன்னொரு புரதமான பி30 பழுதான சில மரபுமாற்ற வகைகள் ஒட்டும், நகர்வதுதான் அரிது.