சொந்தமாக எடுத்த இயற்கைப் படங்களை வைத்து மாதக் காலண்டர் அடிக்க ஆசை. 12 படங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தென்காசிப் பக்கம் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஓய்வு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆறு வருஷமாக வாடிக்கையாளர்களுக்கு என் படங்களைப் போட்டுத்தான் காலண்டர் கொடுக்கிறேன்.

முதல் வருஷம், முகநூலில் நிறைய லைக் வாங்கிய 12 படங்களை அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன். ஜூன் மாதத்துக்குப் பழைய குற்றாலம் அருவி, சாயங்கால வெளிச்சத்தில். செல்போனில் பாறையின் ஈரம்கூடத் தெரிந்த படம். அச்சாகி வந்ததில் நடுவே ஒரு வெள்ளைக் கோடு, சுற்றிலும் கரி. அந்த மாதம் முழுக்கக் கடைக்கு வந்தவர்கள் "இது என்ன படம் அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். அச்சகத்தைக் குறை சொல்ல முடியாது. செல்போன் திரை தானே ஒளிவிடுவது. தாளோ அறையில் இருக்கும் ட்யூப்லைட்டை நம்பி இருப்பது. போதாததற்கு, திரையில் தெரியும் பளீர் பச்சையும் நீலமும் அச்சில் போடும் நான்கு மைகளில் முழுதாக வராது. இப்போதெல்லாம் இருட்டான படங்களைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, மாதிரிக்கு ஒரு தாள் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மீதிக்குச் சரி சொல்கிறேன்.

தேர்வுக்கு நான் வைத்திருக்கும் வழி ஒன்றுதான். முப்பது படங்களைச் சின்ன அளவில் பிரிண்ட் போட்டு, ஹாலில் கொடி கட்டி, துணி கிளிப்பில் மாட்டிவிடுவேன். ஒரு வாரம் அப்படியே தொங்கும். சாப்பிட உட்காரும் இடத்திலிருந்து பார்த்து என்னவென்று புரியாத படம் இறங்கிவிடும். போன தடவை முப்பதில் ஆறு சூரிய அஸ்தமனம். இரண்டாம் நாளே வீட்டில் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். ஆனால் தேரிக்காட்டுச் செம்மணலில் ஒற்றைப் பனை நிற்கும் படத்தை, நான் சுமாராக நினைத்திருந்த படத்தை, அம்மா மூன்றாம் நாளும் கிட்டே போய்ப் பார்த்தார். "இதுல குலை கெடக்கா, வெறும் ஓலையா?" மாதம் முழுக்கச் சுவரில் இருக்கப்போகிற படத்துக்கு இப்படி ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டிருந்தால் நல்லது.

மாதத்துக்குப் பொருத்தம் பார்ப்பது அவசியம். டிசம்பருக்கு எங்கோ பனி மலையைப் போட்டால் நம் ஊரில் அது காலண்டர் கம்பெனிப் படமாகத்தான் தெரியும். எனக்குப் பிப்ரவரி என்றால் கூந்தன்குளத்தில் கூட்டில் நிற்கும் மஞ்சள் மூக்கு நாரை. ஏப்ரலுக்குச் சரக்கொன்றை. ஜூலையில் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயல், ஆகஸ்டுக்கு முப்பந்தல் காற்றாலைகள். மே மாதத்துக்குத்தான் ஒவ்வொரு வருஷமும் திண்டாட்டம்!

நல்ல படத்தையும் சில நேரம் விட வேண்டியிருக்கும். தாமிரபரணி வெள்ளத்துக்கு நடுவே குறுக்குத்துறை முருகன் கோயில் நிற்கிற படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. 2023 டிசம்பரில் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் பட்ட பாட்டுக்கு அப்புறம், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த வாடிக்கையாளரிடம் அதை எப்படி நீட்டுவது? எடுத்து வைத்துவிட்டேன்.

அளவுக்கணக்கு எளிதுதான். அச்சில் படம் 12 அங்குல அகலம், 8 அங்குல உயரம் என்றால், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3600 x 2400 பிக்சல் வேண்டும். நண்பர்களிடம் படம் வாங்கினால் வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். மேலே கம்பி கோர்க்கும் இடத்தில் அரை அங்குலமாவது வெறும் வானம் இருக்கட்டும். ஒரு வருஷம் என் நாரையின் தலையில் ஓட்டை விழுந்தது.

கடைசியாக, தாள். படம் மின்ன வேண்டும் என்று பளபளப்புத் தாளில் அடித்தால் பேனா வழுக்கும், மை காயாமல் கையில் ஒட்டும். பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் எழுதாத வீடு ஏது? பளபளப்பு இல்லாத மேட் தாள் கேளுங்கள். நவம்பர் முதல் வாரத்துக்குள் ஃபைலைக் கொடுத்துவிடுங்கள். டிசம்பரில் போனால் அச்சகத்தில் மாதிரி அடித்துக் காட்டக்கூட யாருக்கும் நேரமிருக்காது.