சிப்பிப்பாறை ஊட்டிக் குளிரைத் தாங்குமா?

திருநெல்வேலியிலிருந்து ஊட்டிக்கு மாற்றல், வீட்டுச் சிப்பிப்பாறை நாயையும் கூட்டிப்போகிறோம், குளிர்காலத்தில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கோவில்பட்டியிலிருந்து ஒரு சிப்பிப்பாறையோடு மலையேறியவன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

வெளியே படுக்க வைத்தால் தாங்காது. ஒட்டின வயிறு, குட்டை முடி, தோலுக்கடியில் கொழுப்பு ரொம்பக் குறைவு, கரிசல் காட்டு வெயிலில் முயல் விரட்டுவதற்கென்றே வளர்ந்த சாதி அது. ஊட்டியோ கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் விடிகாலை எழுந்து பாருங்கள், புல்தரையில் உப்பைத் தூவினமாதிரி உறைபனி கிடக்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் மெழுகாக நிற்கும்.

"நாய்க்கு என்ன சார் குளிரு, அதுக்குத்தான் முடி இருக்கே" என்று அங்கே எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பி முதல் வருஷம் எங்கள் நாய் சிட்டுவை வராந்தாவில் சாக்கு விரித்துக் கட்டிப்போட்டேன். ஒரு ராத்திரி ஒரு மணி இருக்கும், கதவைப் பிறாண்டுகிற சத்தம். திறந்து பார்த்தால் சங்கிலியை முழு நீளத்துக்கும் இழுத்துக்கொண்டு நிற்கிறாள், உடம்பு முழுக்க நடுக்கம், காது நுனி ஐஸ் மாதிரி இருக்கிறது. உள்ளே தூக்கிவந்து கம்பளியால் சுற்றினேன். அதோடு விட்டிருக்கலாம். சீக்கிரம் சூடேற வேண்டுமே என்று ஒரு இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைப் பற்றவைத்து அறைக்குள் கொண்டுவந்து வைத்தேன், காற்று புகாதபடி கதவைச் சாத்தி, சன்னலும் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நாங்களும் படுத்துவிட்டோம்.

என் மனைவிக்குக் குமட்டல் வந்து எழுந்ததால்தான் இன்று இதை எழுதுகிறேன். அவள் எழுப்பியும் எனக்குக் கால் நிற்கவில்லை, தலை அப்படிக் கனத்தது. எப்படியோ கதவைத் திறந்தோம். சிட்டு கூப்பிட்டதற்கு வாலைக்கூட அசைக்கவில்லை, தூக்கினால் ஈரத்துணி மாதிரித் தொங்கினாள். எந்தக் குளிருக்குப் பயந்து உள்ளே கொண்டுவந்தேனோ அதே குளிருக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலையைத் தூக்கினாள். காலையில் கால்நடை டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, "ரூமுக்குள்ள கரி போட்டீங்களா?"

கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. புகை இல்லையே என்று நினைத்து ஏமாந்துவிடுவோம். மலையில் குளிர்காலத்தில் இப்படி ஆட்களே செத்திருக்கிறார்கள்.

"சிப்பிப்பாறையை ஏன் மலைக்குக் கொண்டுபோனாய்" என்று திட்ட வருபவர்களுக்கு: வேலை மாற்றல் வந்தால் வீட்டு நாயைத் தெருவில் விட்டுவிட்டா போவது? "நாயைப் போய் வீட்டுக்குள்ளே விடுவதா" என்பவர்களுக்கு: அந்த ஊரில் ராத்திரி சிறுத்தை குடியிருப்புக்குள் வந்துபோகும், அதற்கு நாய் என்றால் ரொம்ப லேசான இரை. சங்கிலியில் கட்டின நாயால் ஓடவும் முடியாது. அதனால் இருட்டினபிறகு நாய் உள்ளேதான் இருக்க வேண்டும், நடக்கக் கூட்டிப்போவதும் வெயில் வந்தபிறகுதான்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். தரையில் படுக்க விடுவதில்லை, பலகைமேல் சாக்கு, அதன்மேல் பழைய கம்பளி. ரொம்பக் குளிர்ந்தால் ரப்பர் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி வயிற்றுப் பக்கம் வைப்பேன், நேராக வைத்தால் தோல் வெந்துவிடும். ஸ்வெட்டர் போடலாம், ஆனால் நனைந்தால் உடனே கழற்றிவிட வேண்டும், ஈர ஸ்வெட்டருக்கு வெறும் உடம்பே மேல். குளிப்பாட்டுவது நல்ல வெயில் நாளில் மதியம் மட்டும். சாப்பாடு கீழே சமவெளியில் போட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். தண்ணீர் ஜில்லென்று இருந்தால் சரியாகக் குடிக்காது, வெதுவெதுப்பாக வையுங்கள். நாய்க்குச் சாதாரணமாகவே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சூடு இருக்கும், அதனால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவுகட்டி வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், அது நாய்க்கு விஷம். நடுங்கிக்கொண்டிருந்த நாய் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தி, சோர்ந்து, ஈறு வெளுத்துக் கிடந்தால் அதைத் தேறிவிட்டது என்று நினைக்காதீர்கள், உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

இது நீங்கள் கேட்காதது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. சீசனில் வருகிற சுற்றுலாக்காரர்கள் கையிலிருக்கும் ஹோம்மேட் சாக்லேட்டைப் பாசத்தோடு தெருநாய்களுக்குப் பிய்த்துப் போடுகிறார்கள். சாக்லேட்டில் இருக்கும் தியோப்ரோமினை நாயின் உடம்பால் சீக்கிரம் வெளியேற்ற முடியாது, கறுப்புச் சாக்லேட் இன்னும் மோசம். வாந்தி, படபடப்பு, வலிப்பு வரைக்கும் போகும். நான் போய்ச் சொன்னால் "ஒரு துண்டுதானே சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒரு வர்க்கி பிஸ்கட்டைப் போட்டுவிட்டுப் போனாலாவது பரவாயில்லை.

அப்புறம், வாடகை வீடு பார்க்கும்போது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் படுக்கையறைச் சன்னலை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். எங்கள் வீட்டுச் சன்னல் பெயின்ட் ஒட்டிப்போய்த் திறக்கவே வராமல் இருந்தது, அது எனக்குத் தெரிந்ததே அந்த ராத்திரியில்தான்.